மூன்று சாட்சிகள்



இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை. மஃரிப் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பிவிட்டு அமர்ந்திருந்தோம். சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். பாலாற்றங்கரையில் அமைந்த நமதூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தை ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்த அம்மாணவர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. படிப்பிற்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். துஆ செய்யக் கேட்டு வந்திருப்பார் என்றே எண்ணினோம். அவரோ கைப்பேசியில் ஒரு கடிதத்தைத் திறந்து நம் முன் வைத்து, "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்டார்.

அது ஒரு பரிந்துரைக் கடிதம். அவர் பயின்ற கல்லூரியின் துறைத்தலைவர் எழுதியதாக அமைந்திருந்தது. தாம் கண்ட மாணவர்களில் முதல் ஐந்து விழுக்காட்டினருள் இவர் ஒருவர் என்றும், ஆய்வகத்தில் இவருடைய பொறுமையைப் பலமுறை தாமே நேரில் கண்டு வியந்ததாகவும் துறைத்தலைவர் அதில் கூறியிருந்தார். ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவர் நம் முன் அமர்ந்திருந்த மாணவரே. "எனக்கு நேரமில்லை, நீயே எழுதிக்கொண்டு வா. பல்கலைக்கழகத்திலிருந்து இணைப்பு வந்ததும் என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைத் தருகிறேன், நீயே ஏற்றிவிடு" என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவருடைய தோழர்கள் பலரும் அவ்வாறே செய்து வந்தனர்.

உடனே பதில் கூற நமக்கு நா எழவில்லை. முதலில் அந்த விண்ணப்ப முறையை விளக்குமாறு கேட்டோம். அவர் விளக்கியதையும், பின்னர் நாம் விசாரித்து அறிந்ததையும் இங்கே சுருக்கமாகத் தருகிறோம். நம் சமுதாயத்தில் இன்று பல குடும்பங்களுக்கு இது தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் பிஎச்.டி. பயிலப் பெரும்பாலும் பெற்றோர் பணம் கட்ட வேண்டியதில்லை. சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே படிப்புக் கட்டணத்தை ஏற்று, மாத உதவித்தொகையும் அளிக்கிறது. அதற்கு ஈடாக மாணவர் இளங்கலை வகுப்புகளில் கற்பித்தல் உதவியாளராகவோ, பேராசிரியரின் ஆய்வில் ஆராய்ச்சி உதவியாளராகவோ பணிபுரிவார். பொதுவாக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும். அமெரிக்கா என்றாலே வீட்டை அடகு வைத்து வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும் என்று அஞ்சி, அந்த ஆசையையே அடக்கிவிடும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். பணம் கட்டிப் பயிலும் முதுகலைப் படிப்புகளுக்கு அந்த அச்சம் பொருந்தலாம். அறிவியல் பிஎச்.டி.க்கு அது பெரிதும் பொருந்தாது. விண்ணப்பக் கட்டணம் மட்டும் சுமைதான். பல இடங்களில் ஒரு விண்ணப்பத்திற்கு 75 டாலருக்கு மேல் ஆகிறது. சில பல்கலைக்கழகங்கள் கேட்டால் அதையும் தள்ளுபடி செய்கின்றன.

இவ்வளவு பொருளைத் தாமே செலவிட்டு ஒருவரைச் சேர்ப்பதால், தேர்வுக்குழுவினர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஜி.ஆர்.இ. எனும் பொதுத் தேர்வைப் பல துறைகள் 2020ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வு வேண்டும். வகுப்பில் நின்று கற்பிக்க வேண்டியிருப்பதால் பேச்சுத் திறனுக்கான மதிப்பெண் அதில் முக்கியம். இவற்றுக்கு அப்பால் குழுவின் முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு: மாணவர் தம் ஆய்வு நோக்கத்தைத் தாமே எழுதும் அறிக்கை, அவரை அறிந்த மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே அனுப்பும் பரிந்துரைக் கடிதங்கள்.

இந்தக் கடிதங்களை மாணவர் பார்ப்பதில்லை. 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டத்தின்படி, சேர்ந்த பிறகு தம் கல்விக் கோப்பைப் பார்வையிடும் உரிமை மாணவருக்கு உண்டு. எனவே விண்ணப்பப் படிவத்திலேயே, "இக்கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்கப்படுகிறது. ஏறத்தாழ அனைவரும் விட்டுக்கொடுப்பதாகக் குறியிடுவர். மாணவர் காணாத கடிதத்தில் ஆசிரியர் அஞ்சாமல் உண்மையைச் சொல்வார் என்பதே இதன் அடிப்படை.

இதைக் கேட்டதும் நம் மனத்தில் ஒரு கதவு திறந்தது. "தம்பி, நீயே எழுதிய கடிதத்தைப் பார்க்க மாட்டேன் என்று நீயே குறியிடப் போகிறாய், அப்படித்தானே?" என்று கேட்டோம். அவர் தலை குனிந்தார். "அந்த இடத்தில்தான் ஹஜ்ரத், எனக்குக் கை ஓடவில்லை" என்றார்.

மத்ரஸாவில் ஹதீஸ் கலை பயின்றோர் அனைவரும் அறிந்த ஒரு துறை உண்டு. அறிவிப்பாளர்களை எடைபோடும் ஜரஹ் வ தஃதீல் கலை அது. ஒருவரை 'ஸிகத்' என்பதற்கும் 'ஸதூக்' என்பதற்கும் அங்கே வேறுபாடு உண்டு. முன்னது முழு நம்பகத்தைக் காட்டும். பின்னது, உண்மையாளர்தாம், ஆனால் நினைவாற்றலில் ஒரு படி குறைந்தவர் என்பதை உணர்த்தும். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர் அறிவிப்பதில் பலவீனமானவர் என்றே தீர்ப்பளித்தார்கள். பெற்ற தந்தை என்பதற்காக ஒரு சொல்லைக் கூட்டவில்லை. அவ்வாறு சொற்களைக் காத்தவர்கள் இருந்ததனால்தான் இன்றும் ஒரு ஹதீஸின் ஸனதை நம்பிக்கையோடு ஓதுகிறோம்.

பரிந்துரைக் கடிதமும் அத்தகைய ஒரு சாட்சியமே. பல பல்கலைக்கழகங்களின் படிவங்களில், தாம் கண்ட மாணவர்களுள் இவர் முதல் ஒரு விழுக்காடா, ஐந்தா, பத்தா என்று ஆசிரியரே குறிக்க வேண்டிய கட்டங்கள்கூட உள்ளன. பெரும்பாவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியத்தைக் குறிப்பிட வந்தபோது சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, தோழர்கள் அவர்கள் நிறுத்தமாட்டார்களா என்று எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்ற செய்தியை மாணவருக்கு நினைவூட்டினோம். துறைத்தலைவர் காணாததைக் கண்டதாக அவர் பெயரால் எழுதுவது கூடாது என்று சொன்னோம்.

சொல்லிவிட்டோம், ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் மேசை இழுப்பறையில் ஒரு நற்சான்றுத் தாள் கட்டு இருந்தது. "இவரை நாம் பல ஆண்டுகளாக நன்கறிவோம். ஒழுக்கமும் மார்க்கப்பற்றும் மிக்கவர்" என்று அதில் அச்சடிக்கப்பட்டிருக்கும். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். கல்வி உதவி கேட்டு அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும், பெண் கேட்டு வெளியூர் செல்லும் குடும்பத்தாரும் வந்து கேட்பார்கள். முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவோம். எத்தனை பேரை உண்மையில் அறிந்திருந்தோம்? அந்தத் துறைத்தலைவரை மனத்தால் இகழ்ந்த நாம், அதே செயலைப் பல ஆண்டுகளாகச் செய்து வந்திருந்தோம். அவரிடம் நூற்றுக்கணக்கான மாணவர்கள் பயில்கின்றனர்; நேரமில்லை என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நமக்கு அந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் மாணவரை அழைத்து, கூடாது என்று சொன்னதோடு நில்லாமல், கூடும் வழி எது என்று இருவருமாக அமர்ந்து ஆலோசித்தோம். முடிவில் அவர் செய்தது இதுதான். துறைத்தலைவரிடம் கடிதம் தராமல், ஒரு குறிப்புத்தாள் தந்தார். அவரிடம் பயின்ற பாடங்கள், பெற்ற மதிப்பெண்கள், செய்த கருத்தரங்க உரை, நோக்க அறிக்கையின் வரைவு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்குமான கடைசி நாள் ஆகியவை மட்டும் அதில் இருந்தன. "ஐயா, நீங்கள் அறிந்ததை மட்டும், நான்கு வரியானாலும், உங்கள் சொல்லில் எழுதுங்கள்" என்று வேண்டினார். ஆசிரியருக்கு உதவியாக உண்மைத் தகவல்களைத் திரட்டித் தருவது எங்கும் ஏற்கப்பட்ட வழக்கமே. துறைத்தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "ஊரே செய்வதை நீ மட்டும் செய்ய மாட்டாயோ?" என்று கடிந்து அனுப்பிவிட்டார்.

எனவே மூன்றாவது சாட்சியாக, ஆய்வக வகுப்பு நடத்திய இளம் ஆசிரியை ஒருவரை நாடினார். பதவியில் சிறியவர், ஆயினும் இரு பருவங்கள் வாரந்தோறும் அவருடைய வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். தாமே எழுதித் தம் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார். மற்ற இருவரில் ஒருவர் எம்.எஸ்ஸி. ஆய்வுத்திட்ட வழிகாட்டி. மற்றவர், இந்திய அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்தின் கீழ் இரண்டு மாதங்கள் தம் ஆய்வகத்தில் அவரை வைத்துப் பயிற்றிய விஞ்ஞானி.

அடுத்து, அவர் தம்மைப் பற்றித் தாமே கூறும் சாட்சியமாகிய நோக்க அறிக்கை. முதல் வரைவை நமக்குப் படித்துப் பொருள் சொன்னார். சிறு வயது முதலே வேதியியலில் தமக்குத் தணியாத ஆர்வம் என்று அது தொடங்கியது. "தம்பி, சிறு வயதில் உன்னை நாம் அறிவோம். உனக்குத் தணியாத ஆர்வம் கிரிக்கெட்டில் அல்லவா இருந்தது?" என்றோம். இருவரும் சிரித்தோம். பிறகு, உண்மையில் எது உன்னை இத்துறைக்குக் கொண்டுவந்தது என்று கேட்டோம். அவர் நமதூர்த் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பாலாற்றுப் படுகையில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோல் பதனிடுவதற்குக் குரோமிய உப்பு பயன்படுகிறது. அதன் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்தது. 1996இல் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளிக்கும் அளவுக்கு அது பெருந்துயரமாயிற்று. பதனிடப் பயன்படும் குரோமியம் ஒரு வகை. அது சில சூழல்களில் ஆறு இணைதிறன் கொண்ட, மிகுந்த நச்சுத்தன்மையுள்ள வகையாக மாறக்கூடும். ஒளியின் துணையால் அந்த நச்சு வகையை மீண்டும் தீங்கு குறைந்த வகையாக மாற்றும் ஒரு வினையூக்கியைப் பற்றியதே அவருடைய எம்.எஸ்ஸி. ஆய்வு. ஆய்வகத்தின் தூய நீரில் அது நன்றாக வேலை செய்தது. நமதூர்க் கழிவுநீரை எடுத்துச் சென்று சோதித்தபோது பெரிதும் தோற்றது. அந்நீரிலிருந்த உப்பும் கரிமப் பொருள்களும் இடையூறு செய்தன.

"அறிக்கையில் தூய நீரில் கிடைத்த முடிவை மட்டும் எழுதியிருக்கிறேன் ஹஜ்ரத்" என்றார் அவர். குர்ஆனின் நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை எடுத்து ஓதச் சொன்னோம். நமக்கே எதிராக அமைந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும், நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அல்லாஹ் பணிக்கும் வசனம் அது. ஓதி முடித்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அறிக்கையை மாற்றி எழுதினார். தோல்வியிலிருந்தே அது தொடங்கியது. எது தடுத்தது என்று தாம் ஐயுறுவதையும், அதைக் கண்டறிய எத்தகைய ஆய்வு தேவை என்பதையும், அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியர்களின் ஆய்வு அதற்கு நெருக்கமானது என்பதையும் எழுதினார். பின்னாளில் நாம் விசாரித்தறிந்தவரை, தேர்வுக்குழுவினர் நாடுவதும் அதையே. விடை தெரிந்தவர் என்று காட்டிக்கொள்பவரைக் காட்டிலும், கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்கே ஆய்வில் இடமுண்டு.

இவ்வளவும் செய்து டிசம்பரில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தார். மார்ச் மாதத்திற்குள் நான்கும் மறுக்கப்பட்டன.

அவருடைய தாய்மாமா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவிற்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் நம்மை நிறுத்தி, "ஹஜ்ரத் பேச்சைக் கேட்டு பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு" என்றார். அவருடைய தோழர்களில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதங்களைத் தாமே எழுதிக்கொண்டவர் அவர். நமக்குப் பதில் இல்லை. மறுப்பிற்கு மூன்றாவது கடிதம்தான் காரணமா என்பது எவருக்கும் தெரியாது. ஏன் மறுத்தோம் என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதில்லை. இடங்கள் குறைவு, உலகெங்குமிருந்து விண்ணப்பங்கள் வருகின்றன. ஆராய்ச்சி நிதி குறைந்ததால் 2025இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில புதிய மாணவர் சேர்க்கையையே சுருக்கின. இவையெல்லாம் உண்மையே. ஆனாலும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு நம் சொல்லால் இழப்பாகிவிட்டதோ என்ற சுமையோடுதான் அன்று வீடு திரும்பினோம். ஹலாலைப் பேணினால் உடனே பலன் கிடைக்கும் என்று மேடைகளில் சொல்வது எளிது. அப்படி ஒரு வாக்குறுதி நமக்குத் தரப்படவில்லை. தரப்பட்டிருப்பது, பலன் எதுவாயினும் கணக்குக் கேட்கப்படும் என்ற எச்சரிக்கை.

மாணவர் நம்மைக் குறை கூறவில்லை. குறை எங்கே என்று தம் விண்ணப்பத்தைத்தான் பார்த்தார். ஆய்வு அனுபவம் போதவில்லை என்று கண்டு, வேறொரு நகரின் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளம் சொற்பம். காலை முதல் இரவு வரை நீர் மாதிரிகளை அளப்பதே வேலை. அளவீடு பிழைத்த நாளிலும் பிழைத்ததையே குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதும் பழக்கம் அங்கே வந்தது என்று ஒருமுறை கூறினார். அந்த ஆய்வகத் தலைவர் அவரைத் தினமும் கண்டார். டிசம்பர் வந்தபோது, கேட்பதற்கு முன்பே, "உனக்குக் கடிதம் எழுதுகிறேன்" என்றார். நல்ல சாட்சியைத் தேடி அலைவதைவிட, சாட்சிக்குரிய வேலையை ஒருவர் கண்ணெதிரே செய்துகொண்டிருப்பது மேல் என்பதை அப்போதுதான் நாமும் விளங்கிக்கொண்டோம்.

இரண்டாம் முறை ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டு இடங்களிலிருந்து உதவித்தொகையுடன் அழைப்பு வந்தது. உதவித்தொகை வழங்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் அளிக்க வேண்டும் என்ற பொது உடன்பாட்டை ஏற்றவை. எனவே அவசரப்படாமல் இஸ்திகாரா தொழுது, இரண்டு ஆய்வகங்களின் மாணவர்களோடும் பேசி, ஒன்றைத் தேர்ந்தார். கடந்த ஆகஸ்டில் புறப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ். அந்த இளம் ஆசிரியையின் கடிதத்தில் என்ன இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரியாதிருப்பதே தமக்கு நிம்மதி என்று சொன்னார்.

துருக்கியின் சாவூர் எனும் சிற்றூரில் பிறந்து, மருத்துவராகி, பின்னர் அமெரிக்கா சென்று 1977இல் டாலஸ் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அஸீஸ் சஞ்சார், 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பயின்ற அஹ்மத் ஸுவைல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு முடித்து 1999இல் அப்பரிசைப் பெற்றார். நம் பிள்ளைகளுக்கு இவர்களின் பெயர்களைச் சொல்வோம். கூடவே, அவர்களின் தொடக்கத்திலும் ஓர் ஆசிரியரின் சொல்லை நம்பி ஒரு கதவு திறந்திருக்கும் என்பதையும் சொல்வோம். அந்த நம்பிக்கையை நாம் இன்று கெடுத்தால், நாளை நம் ஊரிலிருந்து வரும் உண்மையான கடிதமும் ஐயத்தோடுதான் படிக்கப்படும். அந்த இழப்பு நமக்குப் பின் வரும் பிள்ளைகள் தலையில் விழும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பி.எஸ்ஸி. படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தை நாடச் சொல்லுங்கள். தன்னை அறிந்த ஆசிரியர் மூவரையேனும் சம்பாதிக்கச் சொல்லுங்கள். அறிக்கையைக் காசுக்கு எழுதித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் அனுப்பாதீர்கள். கல்லூரி ஆசிரியராக இருக்கும் சகோதரர்களே, மாணவர் கேட்டால் நான்கு வரியானாலும் நீங்களே எழுதுங்கள். அறியாதவரெனில் அறியேன் என்று அன்போடு சொல்லுங்கள். அதுவும் அமானத்தைப் பேணுவதே.

நம் இழுப்பறையிலிருந்த தாள் கட்டை அந்த வாரமே அப்புறப்படுத்தினோம். இப்போது நற்சான்று கேட்டு வருவோரிடம் பத்து நாள் அவகாசம் கேட்கிறோம். விசாரித்து, அறிந்ததை மட்டும் கைப்பட எழுதுகிறோம். சிலர் வருத்தத்தோடு திரும்பிச் செல்கின்றனர். அந்தத் தாய்மாமாவும் சென்ற மாதம் மகளின் திருமணப் பேச்சு தொடர்பாக ஒரு சான்று கேட்டு வந்தார். பத்து நாள் ஆகும் என்றோம். சற்று நேரம் நம்மைப் பார்த்துவிட்டு, "சரி ஹஜ்ரத், விசாரிச்சே எழுதுங்க" என்று சொல்லி அமர்ந்தார்.

அல்லாஹ் நம் நாவையும் எழுதுகோலையும் பொய்ச்சாட்சியத்திலிருந்து காத்து, நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்கியருள்வானாக. ஆமீன்.